இடம் மாறிய இரண்டு ஒயர்கள்

அப்போது கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கே.கே. நகரில் ஒரு டீச்சரிடம் பழைய வால்வு ஸ்டீரியோ செட் ஒன்றை வாங்கி, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் புது ஒயர் போட்டு, ஒரு பாட்டு இசைத்தட்டை ஓடவிட்டேன். தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் கேட்டது. வால்வை மாற்றியும் சரியாகவில்லை.

டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்று, "கெட்டுப்போன செட்டை என் தலையில கட்டிட்டீங்களே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் நல்லாத்தான் பாடுச்சு தம்பி. ஞாயித்துக்கிழமை வாரேன், என்னன்னு பாப்போம்" என்றார்.

சொன்னபடி பஸ் ஏறி வந்தார். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

"பாடுறவரு ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல நின்னுல்ல பாடணும்? ஆளையே காணோமே. நாங்க வீடு மாறினப்பவும் இப்படித்தான் ஆச்சு. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் ரெண்டு ஒயரும் இடம் மாறிக் கெடந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஒயர் போட்டவன் நான்தான். ஒரு ஸ்பீக்கரின் ஒயர்களைக் கழற்றி மாற்றிப் போட்டேன். குரல் கனத்து, எங்களுக்கு எதிரே ஆள் நிற்பதுபோல் எழுந்தது.

"மன்னிச்சிருங்கம்மா. தெருவுல வச்சு அம்புட்டுப் பேசிட்டேன்."

"அத விடுங்க. தட்டைத் திருப்பிப் போடுங்க தம்பி. அவரு போனதுல இருந்து நான் பாட்டே கேக்கல."

மறுபக்கமும் முடியும்வரை இருவரும் உட்கார்ந்து கேட்டோம். அன்றிலிருந்து எது பழுதானாலும், என் கை பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.