துடைத்து விட்ட வாத்து

இன்று காயத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சுச் சுருளைப் பிரித்தபோது, இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் ராஜபாளையம் மில் குடியிருப்பின் கொல்லைப்புறம் மணந்தது. என் சிறுவயதில் அங்கே கழிவுப் பஞ்சு பரப்பிய கூடையில் எங்கள் வாத்து ஏழு முட்டைகளை அடைகாத்தது. காலையில் தொட்டியில் முங்கிவிட்டு அது சொட்டச் சொட்டத் திரும்பும்போதெல்லாம், முட்டைகளுக்குக் குளிருமே என்று நான் பஞ்சால் துடைத்துத்தான் கூடைக்குள் விடுவேன்.

இருபத்தெட்டு நாள் கடந்தும் ஓடு உடையவில்லை. உள்ளே கீச்சொலி மட்டும் கேட்டது.

மில்லில் நூற்புப் பிரிவில் வேலைபார்த்த அம்மாவிடம் துடைத்ததைச் சொன்னேன்.

"நூலு அறாம இருக்க மில்லுலயே ஈரப்புகை விடுதாக. வாத்து கொண்டார ஈரமில்லாம ஓட்டுக்குள்ள சவ்வு காஞ்சு ஒட்டிக்கிட்டா, குஞ்சு எப்படி வெளிய வரும், ஏட்டி?" என்றபடி அம்மா முட்டைகள்மேல் நீர் தெளித்தாள்.

இரண்டுதான் பிழைத்தன.

அடுத்த முறை அடைகாக்கையில் வாத்து நனைந்து வந்தபோதெல்லாம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வழிவிட்டேன்.