சத்தம் வராத டப்பா

கிட்டார் ஒயரை நேராக ரேடியோவின் பின்பக்கத் துளையில் சொருகினால் சத்தம் வந்தது. நடுவில் என் கணவர் செய்த டப்பாவை வைத்து அதன் சுவிட்சை அழுத்தினால் எதுவும் வரவில்லை. ஒரு இரைச்சல்கூட இல்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் நாங்கள் குடியிருந்த ஒண்டுக் குடித்தன வீட்டில் பதினோரு நாள் அந்த டப்பாவோடு மல்லுக்கட்டினோம்.

அவர் மணிலா மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். முகூர்த்த நாள் வந்தால் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மண்டி வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிட்டார் வாசிப்பேன் என்பதைத்தான் முதலில் சொன்னார். என் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் கீழ்பென்னாத்தூரில் ஒரு வரவேற்புக்கு வாசிக்கப் போயிருந்தார். கச்சேரி முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது ஸ்பீக்கர் பெட்டி நழுவி அவர் இடது கைமேல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது நடுவிரலும் மோதிர விரலும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன. மடக்கச் சொன்னார் டாக்டர். மடங்கவில்லை. மூட்டை தூக்கித் தராசில் வைக்க அந்தக் கை போதும். கிட்டாரின் தந்திகளை அழுத்திப் பிடிக்கப் போதாது.

ஆறு மாதம் தினமும் சாயங்காலம் கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்தார். விரலுக்கு நல்லெண்ணெய் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பிறகு ஒருநாள், "இதுக்கு ஒரு உறை தச்சுடு" என்றார். தைத்துக் கொடுத்தேன். கிட்டார் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

குழுவில் அவர் இடத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க், கல்யாணமானவர். நல்ல மனுஷர், அந்த இடத்தில் உட்கார்ந்ததற்காக எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கூசுவார். அவர்தான் ஒருநாள் வந்து சொன்னார்.

"அண்ணா, இப்ப வர்ற பாட்டுல கிட்டார் கரகரன்னு கிழிக்கிற மாதிரி கேக்குதே, அதுக்குனு கால்ல அமுக்குற பெட்டி ஒண்ணு இருக்குதாம். நம்மளால வாங்க முடியாது. அது இல்லாம அந்தப் பாட்ட வாசிச்சா ஜனங்க சிரிக்கிறாங்க."

"நான் செஞ்சு தரேன்" என்றார் இவர், யோசிக்காமல்.

தபால் வழியில் ரேடியோ ரிப்பேர் படித்தவர்தான், ஆனால் பாதியில் விட்டவர். எங்கேயோ ஒரு எலெக்ட்ரானிக்ஸ் புத்தகத்தைப் பிடித்துவந்தார். மெட்ராசுக்குப் போய் இரண்டு டிரான்சிஸ்டரும் கொஞ்சம் சில்லறைச் சாமான்களும் வாங்கிவந்தார். பெட்டிக்கு என் அலுமினிய டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டு எடுக்கவில்லை. ஓட்டை போட்ட பிறகுதான் பார்த்தேன். ஆனால் திட்டத் தோன்றவில்லை. வெகுநாள் கழித்து அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேசிக்கொண்டிருந்தார்.

சால்டர் வைக்க இரண்டு கை வேண்டும். சாமானை இடது கையில் பிடிக்க அவரால் முடியவில்லை. நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கை நடுங்காது. அவர் காகிதத்தில் படம் வரைந்து, எது எங்கே என்று சொல்ல, நான் காய்ச்சிய இரும்பைத் தொட்டு ஈயத்தை உருக்கி ஒட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. அழுத்தினோம். டப்பா பேசவில்லை.

முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டார். நாக்கில் வைத்துப் பார்த்தார், சுருக்கென்றது. டார்ச் பல்பை வைத்து ஒவ்வொரு ஒயராகச் சோதித்தார், எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. சுவிட்சைக் கழற்றி மாட்டினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"உன் சால்டர்தான் சரியில்ல. மேல பளபளன்னு இருக்குது, உள்ள புடிக்கல."

"புடிச்சிருக்குதுங்க. இழுத்துப் பாருங்க, வருதா?"

"இழுத்தா வராது. அதுனால புடிச்சிருக்குன்னு ஆய்டுமா? எல்லாத்தையும் மறுபடி வை."

மறுபடி வைத்தேன். மூன்றாம் தடவையும் வைத்தேன். விரல் நுனியில் கொப்புளம் வந்தது. ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அழுத்தும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். சத்தம் வராதபோது என்னைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார்.

பதினோராம் நாள் அவர் மண்டிக்குப் போனபிறகு புத்தகத்தை நானே எடுத்தேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான். படத்தைப் பார்த்தேன். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால். புத்தகத்தில் அந்த மூன்று காலையும் அடிப்பக்கமாகத் திருப்பி வைத்து வரைந்திருந்தார்கள். இவர் அதை அப்படியே மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்துவிட்டார். துணியை உள்பக்கம் வைத்து வெட்டினால் இடது கை வலது கையாகிவிடும், தையல்காரிக்கு இது முதல் பாடம். இரண்டு டிரான்சிஸ்டரிலும் இந்தக் கால் அந்தக் காலாகியிருந்தது. என் சால்டரில் ஒரு குறையும் இல்லை.

கழற்றித் திருப்பி ஒட்டினேன். கிட்டாரை எடுத்து ஒரு தந்தியைத் தட்டினேன். ரேடியோவிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்துப் போர்ஷன் அம்மா ஓடிவந்துவிட்டார்.

சாயங்காலம் அவர் வந்ததும், "இரண்டு இடத்துல சால்டர் புடிக்காமதான் இருந்துதுங்க. இன்னிக்கு வச்சேன், வந்துடிச்சி" என்றேன்.

"நான் சொல்லல?" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்தபோது என் பொய்யில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வலது கையால் தந்திகளை இழுத்துவிட்டார். வெறும் தந்தி எத்தனை நேரம் கேட்க நன்றாக இருக்கும்? கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வா. இந்தக் கட்டத்துல விரல வை. இன்னொண்ணு இங்க. நல்லா அமுக்கு" என்றார். நான் அழுத்தினேன், அவர் மீட்டினார். அவர் சொல்லச் சொல்ல என் விரல்களை மாற்றினேன். ஒரு பாட்டின் முதல் வரி மட்டும் தட்டுத்தடுமாறி வந்தது. இரண்டாம் வரிக்கு நான் விரலை நகர்த்துவதற்குள் அவர் நிறுத்திவிட்டார். கிட்டாரை உறையில் போட்டு மூடினார். "போதும், கை வலிக்கும் உனக்கு" என்றார். 

கிளார்க் வந்து டப்பாவை வாங்கிப்போனார். போளூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வேறு குழுக்காரர்கள் தேடி வந்தார்கள். இன்னும் இரண்டு டப்பா ஆரம்பித்தோம். தீபாவளி நெருங்கிய நேரம், எனக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. படத்தைச் சரிபார்க்காமல் அவர் காட்டிய இடத்தில் ஒட்டிவிட்டு மிஷினுக்குப் போய்விடுவேன். ஒருநாள் மத்தியானம் புது டப்பாவிலும் சத்தம் வரவில்லை.

"போன தடவ பண்ண அதே தப்பு" என்றார். "சால்டர். உனக்குக் கவனம் கம்மி."

நான் தையல் மிஷினிலிருந்து எழுந்தேன். "போன தடவ தப்பு என்னுது இல்ல. நீங்க படத்தத் தலைகீழா வரஞ்சீங்க. இந்தத் தடவயும் அதையேதான் பண்ணியிருப்பீங்க. உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னு நான் சொல்லல."

அவர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு தன் படத்தைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்த நிமிஷமே தெரிந்தது. சால்டர் இரும்பின் பிளக்கைப் பிடுங்கினார்.

ராத்திரி சாப்பாடு போடும்போது, "கோவத்துல சொல்லிட்டேங்க" என்றேன்.

"நீ சொன்னது நெஜந்தானே. அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்றார். கடுமையாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் டப்பா செய்யவில்லை. கேட்டு வந்தவர்களிடம் சாமான் கிடைக்கவில்லை என்றார். பொங்கலுக்கு முன்னால் கிட்டாரை, நான் தைத்த உறையோடு, கிளார்க்கிடம் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. வீட்டில் ரேடியோவில் பாட்டு வந்தால் நிறுத்தச் சொல்லவுமில்லை, கூடப் பாடவுமில்லை.

அடுத்த வருஷம் தீபத் திருவிழாவுக்குத் தேரடித் தெருவில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பந்தலில் அதே குழுவின் கச்சேரி. கூட்டத்துக்கு மேலாக அந்தக் கரகரப்பு கேட்டது. அவர் நின்றார். பாட்டு முடியும்வரை நின்றார். மேடையில் கிளார்க்கின் காலடியில் என் டிபன் டப்பா வெளிச்சத்தில் மின்னியது.

"கரகரப்புக் குமிழக் கொஞ்சம் ஜாஸ்தியா திருப்பி வச்சிருக்கான்" என்றார். "கம்மி பண்ணா இன்னும் நல்லா இருக்கும்."

"போய்ச் சொல்லுங்களேன்" என்றேன்.

"வேணாம். வா, போலாம்."

அவர் தவறிப் பல வருஷமாகிவிட்டது. அவர் கிட்டாரைக் கொடுத்தது விரல்கள் மடங்காததாலா, என் வார்த்தையாலா என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் கேட்டிருக்கலாம். அப்போது அவர் பதில் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.