பேக்கிங் பகுதியின் பரம திருப்தி

வேலை செய்கிறவர்களின் மனத்தை ஆராயும் தொழில் உளவியலைப் படிக்கப் போனால், முதலில் பறிபோவது நம்முடைய நிம்மதிதான். பகலில் வேலை, வாரக் கடைசியில் வகுப்பு என்று முதுகலை படித்து அல்லாடும் அன்பர்களே, உங்கள் ஆறுதலுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா.

யாருக்கு வைத்தியம்?

புந்தோங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் சரசு அக்காவுக்கு மகனைப் பற்றிக் கவலை. எந்த வேலையிலும் அவன் நிலைப்பதில்லை. "நீ மனசப் பத்தித்தானே படிக்கிற, அவனுக்கு நாலு வார்த்த சொல்லேன்" என்றார். "நான் ஆளுக்கு வைத்தியம் பாக்குறதில்லக்கா. வேல எடத்துல என்ன கோளாறுன்னுதான் பாப்பேன்" என்று விளக்கினேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதத்தான்லா நானும் சொல்றேன், எம்புள்ளகிட்ட ஒரு கோளாறும் இல்ல. இரு, அவன் மொதலாளிய கூட்டிட்டு வாரேன்!"

ஆய்வு

என் ஆய்வு எங்கள் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியைப் பற்றியது. அங்கே வெக்கை தாங்காது. மின்விசிறி கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் வாய் வலித்துவிட்டது. வேலையில் எவ்வளவு திருப்தி என்று மதிப்பெண் போடச் சொல்லிக் கேள்வித்தாள் கொடுத்தேன். ஒன்று என்றால் வெறுப்பு, ஐந்து என்றால் பரம திருப்தி. பெயர் எழுத வேண்டாம், யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

திரும்பி வந்த தாள்களில் எல்லாமே ஐந்து. வெக்கை பற்றிய கேள்விக்கும் ஐந்து! கோப்பெங்கிலிருந்து வேலைக்கு வரும் மகேஸ் அக்காதான் அந்தப் பகுதிக்கு மூத்தவர். என்னக்கா இது என்று அவரிடமே கேட்டேன்.

"நம்ம புள்ள படிக்குது, மார்க்கு கொறஞ்சிறக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லி வச்சேன்."

மேனேஜரின் மகிழ்ச்சி

அந்தப் பருவத்துக்குள் ஆய்வை முடித்தால்தான் பட்டம். இருப்பதை வைத்தே ஒப்பேற்றிவிடலாமா என்று எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் முடிவைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் மேனேஜர் ஆய்வுக்கு அனுமதி தந்திருந்தார். மொத்தக் கணக்கைப் பார்த்தவருக்கு வாயெல்லாம் பல்.

"அடடே, இவ்வளவு சந்தோஷமாவா இருக்காங்க! அப்ப அவங்க கேட்ட காத்தாடி வாங்குறத நிறுத்திடலாம்."

மறுபடியும்

இந்த முடிவு செல்லாது, திரும்பக் கேட்க வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது. வீட்டுக்குப் போய் அழுதேன், அதை மறைப்பானேன்? விஷயம் தெரிந்ததும் மகேஸ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டாம் முறை எல்லாரும் உள்ளதை உள்ளபடி போட்டார்கள். மேனேஜரும் மறுபேச்சு இல்லாமல் மின்விசிறிகளை மாட்டிக் கொடுத்தார். பாதி ஆய்வு எழுதி முடித்த சமயம், மகேஸ் அக்கா சிரித்த முகத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"இப்ப நல்லா குளுகுளுன்னு இருக்குலா. அந்தத் தாளக் குடு, இந்தத் தடவ நெசமாவே அஞ்சு போடுறோம்."

பட்டம் எப்போது வரும் என்று கேட்கிறவர்களிடம், எங்கள் பேக்கிங் பகுதியில் காற்று நன்றாக வருகிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.