குளோரியா நிற்க வேண்டும்

பிரிஜெட் பழைய உடுப்புகளுக்கு உடம்பு செய்கிறவள். சம்பளம் கிடையாது. ஒரு கப் டீ உண்டு. அதையும் துணிகள் இருக்கிற அறைக்கு வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் அவள் வேலை செய்கிற அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த ஊர் மனிதர்கள் ஒரு காலத்தில் உடுத்திய கவுன், கோட்டு, ரவிக்கை எல்லாம் அங்கே பெட்டிகளில் வெள்ளைத் தாளுக்குள் தூங்குகின்றன. வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்று திரைகளை இழுத்தே வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் நானும் பிரிஜெட்டும் ஜீவனஹள்ளியிலிருந்து ஒரே ஆட்டோவில் போவோம். பெட்டிகளில் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைப்பது என் வேலை. உள்ளே நுழைந்துவிட்டால் மதியமா சாயங்காலமா என்று தெரியாது. மழை பெய்தால் வேறு ஏதோ ஊரில் பெய்வதுபோலக் கேட்கும். எனக்கு அடிக்கடி கண் சொக்கும். யாராவது பார்த்தால் பார்க்கட்டுமே.

பிரிஜெட் தூங்க மாட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் தியோடர் போன பிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது; அது பொறுக்காமல்தான் இங்கே வந்தாள். முகம் தெரியாத குரல்களோடு காலம் தள்ளியதாலோ என்னவோ, ஒரு உடுப்பைக் கண்டால் அதற்குள் இருந்த ஆளைத் தேட ஆரம்பித்துவிடுவாள். உடுப்பைப் பார்வைக்கு நிறுத்த வேண்டுமானால் அதற்கேற்ற உடம்பு வேண்டும். ஒரு கம்பத்தில் பஞ்சைச் சுற்றிச் சுற்றி, மேலே காடாத் துணியை இழுத்துத் தைப்பாள்.

"இந்தம்மா கொஞ்சம் கூன் போட்டு நடந்திருக்காங்க, பாரேன்," என்பாள்.

"செத்தவங்களைப் போயி வம்புக்கு இழுக்காத," என்று நான் அதட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே கூனுக்குப் பஞ்சு வைப்பாள்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் கண்காட்சிக்கு அவளே கொடுத்திருந்த ஒரு ஃப்ராக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிர்நீலப் பட்டு, இடுப்பில் பெரிய ரிப்பன். அவளுடைய அக்கா குளோரியா ஒரு கிறிஸ்துமஸ் டான்ஸுக்காகத் தைத்துக்கொண்டது. ஒரே ஒரு தடவைதான் போட்டாள். அடுத்த மாதமே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அக்காவுக்கு அப்போது இருபது வயது, பிரிஜெட்டுக்கு ஒன்பது.

அந்த ஃப்ராக்குக்கான உடம்பை அவள் வேறு யாரையும் தொட விடவில்லை. ஃப்ராக்கை அளவெடுக்கவும் மாட்டேன் என்றாள்.

"எங்கக்காவை எனக்குத் தெரியாதா?"

கண்ணை மூடிக்கொள்வாள், கொஞ்சம் பஞ்சு வைப்பாள், மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். வாரா வாரம் அந்த இருட்டில் குளோரியா வளர்ந்தாள். அகலத் தோளும் நீண்ட கழுத்துமாக, ஓங்குதாங்காக ஒரு பெண் எழுந்து நின்றாள். தலை இருந்திருந்தால் வாசல் நிலையில் இடித்திருக்கும்.

ஃப்ராக் ஏறவில்லை. தோளிலேயே சிக்கிக்கொண்டது.

துணிகளுக்கெல்லாம் பொறுப்பான சௌம்யா ஓடி வந்தாள். "ஆன்ட்டி, விடுங்க, விடுங்க! பட்டு கிழிஞ்சிடும்."

"துணி சுருங்கிப்போச்சு சௌம்யா."

"ஸ்வல்ப, கொஞ்சமாவது யோசிங்க ஆன்ட்டி. தண்ணியே படாத ஃப்ராக் எப்படிச் சுருங்கும்?"

இந்த வாரத்துக்குள் உடம்பு சரியாகாவிட்டால் ஃப்ராக்கைக் கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைத்துவிடலாம் என்றாள் சௌம்யா. நல்ல பெண், துணிக்கு நல்லது என்றுதான் சொன்னாள். ஆனால் பிரிஜெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படுக்க வைக்காதம்மா. பெட்டியில படுத்திருந்தப்பதான் நான் அவளைக் கடைசியா பார்த்தது. ஒரு தடவை நிக்கணும்."

எனக்குத் துக்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஏன் பிரிஜெட், உனக்கு அப்ப ஒன்பது வயசு. உன் கண்ணுக்கு எல்லாருமே உசரமாத்தான் தெரிஞ்சிருப்பாங்க. இதைக்கூடவா யோசிக்க மாட்ட?"

அவள் முட்டிவலியைப் பொருட்படுத்தாமல் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அன்றைய ஒன்பது வயசு உயரத்திலிருந்து அந்த உடம்பை அண்ணாந்து பார்த்தாள். எங்கோ பாட்டு கேட்கிறவள்போல முகம் இளகியிருந்தது. அந்த மங்கலில் எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. குளோரியா லேசாகத் திரும்பினாற்போல எனக்கே தோன்றியது.

"இங்கேருந்து பார்த்தா ராட்சசி மாதிரி இருக்கா," என்றாள் பிரிஜெட் கடைசியில். "அக்கா இவ்வளவு பெரிசு இல்ல. சரளா, அந்த டேப்பை எடு."

ஃப்ராக்கை மேசையில் விரித்து அளந்தாள். பிறகு காடாத் துணியின் தையலைப் பிரித்து, பஞ்சைப் பிடிபிடியாகப் பிடுங்கினாள். ஒவ்வொரு பிடிக்கும் "சாரிக்கா, சாரிக்கா" என்று முணுமுணுத்தாள். நான் மடியை விரித்து வாங்கிக்கொண்டேன். மடி நிறைந்தது. கம்பத்தையும் இறக்கினோம்.

இந்தத் தடவை ஃப்ராக்கைச் சௌம்யா ஒரு பக்கமும் பிரிஜெட் ஒரு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். சத்தமே இல்லாமல் இறங்கி உட்கார்ந்தது. பிரிஜெட் முதுகில் கொக்கிகளை மாட்டிவிட்டு முன்னால் வந்து நின்றாள். குளோரியாவின் தோள் அவளுடைய தோளுக்கும் கீழேதான் இருந்தது. இடுப்பு என் இரண்டு கைக்குள் அடங்கிவிடும்போல இருந்தது.

"மம்மி வேலைக்குப் போயிடுவாங்க. நான் நடக்கவே மாட்டேன்னு அடம் பிடிப்பேன்," என்றாள் பிரிஜெட். "இந்த இடுப்புலயா சரளா என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினா? இது சின்னப் பொண்ணுடி."

சௌம்யா கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். பிரிஜெட் அழவில்லை. குனிந்து, கையுறை போட்ட கையால் ஃப்ராக்கின் விளிம்பை நீவிவிட்டாள்.

"பயப்படாத பாப்பா, நேரா நில்லு," என்றாள் அக்காவிடம்.