பச்சைக் கொடிக்காரர்

இதை எழுதினால் ஒருவருடைய பிழைப்பு கெட்டுவிடுமோ என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன்.

ஓசூர் மலைக்கோயிலுக்கு நானும் மனைவியும் காரில் போனபோது, குருபரப்பள்ளி அருகே ஒரு பெரிய ஓட்டல் வாசலில் அவர் நின்றார். காக்கிச் சட்டை, வெயிலில் கறுத்த முகம். பச்சைக் கொடியை ஆட்டி, போகிற வண்டிகளைச் சாப்பிடக் கூப்பிடுவதுதான் வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கும்பிடும் போடுவார். நாங்களும் வண்டியை உள்ளே திருப்பி, அவர் பக்கத்தில் நிறுத்தினோம்.

"அண்ணே, இந்த ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா?" என்று மனைவி கேட்டாள்.

கல்லாவில் இருந்த முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னலருகே குனிந்தார். "இங்க எல்லாம் ஃபிரைடு ரைஸ்தாம்மா. முன்னால பாலத்துக்குப் பக்கத்துல ஒரு அக்கா ராகிக்களியும் கீரைக் கடைசலும் போடுது. அங்க போங்க."

"உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது" என்றேன்.

"கொடி ஆட்டத்தான் என்னைய வெச்சிருக்காங்க சாமி. கேட்டா நெசத்தத்தான சொல்லணும்."

உடனே நிமிர்ந்து, முதலாளி காதில் விழும்படி, "சாப்பிடாம போறவங்க எதுக்கு வண்டிய உள்ள வுட்டீங்க?" என்று எங்களைத் திட்டினார். கொடி மட்டும் பாலத்தின் பக்கம் வழி காட்டியது.

களி அருமையாக இருந்தது. மலையேறியதும், அவர் வேலை நிலைக்க வேண்டும் என்றுதான் முதலில் வேண்டினேன். பெயர் தெரியாததால் பச்சைக் கொடிக்காரர் என்றே சாமியிடம் சொன்னேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்கு இப்படியே சொல்லுங்கள். எந்த ஓட்டல் என்று மட்டும் யாரும் ஊகித்துச் சேர்த்துவிடாதீர்கள்.