அம்மாவின் காலுக்கு மட்டும் இறங்கிய ப்ரேக்

ஸ்ரீரங்கப்பட்டணம் போய்விட்டு மைசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. லேசான இறக்கம். அம்மா ஓட்டினாள், அப்பா பக்கத்தில், நான் பின் சீட்டில். கார் நின்றுதான் இருந்தது. ரயிலைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே கார் மெல்ல நகர்ந்து, முன்னால் நின்ற ஸ்கூட்டரை டக்கென்று இடித்தது.

"ஏனம்மா, ப்ரேக் ஹாக்கோக்கே பரல்வா?"

ப்ரேக் போடத் தெரியாதா என்று ஸ்கூட்டர்காரர் கன்னடத்தில் கேட்டது, வரிசையில் நின்ற பஸ் வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா பாய்ந்து ஹேண்ட் ப்ரேக்கை இழுத்தார்.

"மிதிச்சுட்டுத்தாங்க இருந்தேன். கால் அப்படியே உள்ள போயிடுச்சு."

"கால் எப்படிப் போகும்? பயத்துல எடுத்திருப்பே."

கேட் திறப்பதற்குள் இருவரும் இடம் மாறிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னிக்கு ஸ்கூட்டர். நாளைக்கு ஆளு."

தினமும் விடியுமுன் எழுந்து, காலி மைதானத்தில் செங்கல் வைத்து எட்டுப் போட்டுப் பழகியவள் அம்மா. சமையலறைக்குள் போனாள். தேங்காய் துருவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக வந்தது.

நான் அப்போது என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், மெக்கானிக்கல். அம்மா சொன்னதை முழுசாக நம்பினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என்னைப் பிடித்து ஆட்டியது ப்ரேக். காரைக் கழுவுகிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கினேன். பானெட்டைத் திறந்தேன். ப்ரேக் ஆயில் டப்பா நிறைய இருந்தது. ஜாக்கி போட்டு நான்கு சக்கரங்களையும் கழற்றி, டிரம்களையும் இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் ஈரமில்லை. குழாய்களைத் துணியால் துடைத்தேன், துணியில் அழுக்குதான் வந்தது. சீட்டில் ஏறி ஓங்கி மிதித்தேன். கல் மாதிரி நின்றது. மறுபடி மிதித்தேன். அதே கல்.

சாயங்காலம் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவரும் பட்பட்டென்று மிதித்துவிட்டு, "எல்லா சரி இதெ", எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று இறங்கிவிட்டார். ஓட்டியது யார் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா அதை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் அம்மாவின் பின்னாலேயே சுற்றினேன்.

"ஒரு தடவை வந்து மிதிச்சுக் காட்டும்மா. கேட்டுல எப்படி மிதிச்சியோ அப்படி."

"போடா. இன்னொரு ரவுண்டு பேச்சு வாங்க எனக்குத் தெம்பில்ல."

"அப்பா ஃபாக்டரியில இருக்கார். யாரு பேசப் போறா?"

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். செருப்பில்லாத அவள் கால் பெடல்மேல் வந்து உட்கார்ந்தது. எங்களைப்போல அவள் உதைக்கவில்லை. வைத்தாள், கொஞ்சம் அழுத்தினாள், அப்படியே இருந்தாள். பெடல் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சரி, விட்டுடும்மா."

"சும்மா இருடா. அன்னிக்கு ரயிலுக்காக எவ்ளோ நேரம் மிதிச்சுட்டு இருந்தேன்?"

அப்போதுதான் அது இறங்க ஆரம்பித்தது. ஈர மண்ணில் கால் புதைவதுபோல, சத்தமே இல்லாமல், தரை விரிப்பைத் தொடும் வரை.

"பாத்தியா?"

எழுந்த வேகத்தில் ஸ்டீயரிங் கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன். வெளியே எங்கும் ஒழுகாத ஆயில் வேறு எங்கே போகும்? பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. உதைத்தால் அதன் விளிம்பு விரிந்து அடைத்துக்கொள்கிறது. மெல்ல அழுத்தினால் ஆயில் ஓரமாக நழுவி, தான் வந்த டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது.

அப்பா வந்ததும் வராததுமாகப் பிடித்துக் காரில் உட்கார வைத்தேன். ஓங்கி மிதித்தார்.

"நிக்குதே!"

"அப்படி இல்லப்பா. மெல்ல. முட்டை மேல வெக்கற மாதிரி."

"முட்டை மேல எவன்டா ப்ரேக் போடுவான்?"

ஆனாலும் வைத்தார். "எவ்ளோ நேரம்டா?"

"ரயில் வர்ற வரைக்கும்" என்றாள் அம்மா ஜன்னலிலிருந்து.

மடங்கியிருந்த அவர் முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. தன் காலையே யாருடையதோ போலப் பார்த்தார். கேட்டில் நின்றால் அவர் உடனே ஹேண்ட் ப்ரேக்கை இழுத்துவிட்டுக் கடலைக்காய் வாங்கத் திரும்பிவிடுவார். ப்ரேக்கை மிதித்தபடி காத்திருந்ததே இல்லை. இறங்கினார். சாவி திரும்பவும் சட்டைப்பைக்குத்தான் போனது.

புது ரப்பர் கப்புகள் வாங்கி, சிலிண்டரைக் கழற்றி மாட்ட சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. உள்சுவரில் கீறல் இல்லை, பிழைத்தோம். பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். நான் சக்கரத்தடியில், அம்மா பெடலில்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"விடாதே, விடாதே... இப்ப விடு!"

"விடுன்னு சொல்றதுக்கு ஏன்டா கத்தறே? தெருவே விட்டுடும்."

வெளியே வந்த ஆயிலில் குமிழிகள் நின்றதும் அவளை அழுத்திக்கொண்டு இருக்கச் சொன்னேன். உள்ளே குக்கர் விசில்மேல் விசிலாக அடித்தது. "சாதம் குழையட்டும்" என்றாள், காலை எடுக்காமல். பெடல் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தானாகவே சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "அந்தக் கேட் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார், வேறெங்கோ பார்த்தபடி. கேட் மூடித்தான் இருந்தது. கூட்ஸ் வண்டி, பெட்டிகள் முடிகிற வழியாக இல்லை. முன்னால் ஒரு மாட்டு வண்டி. எங்கள் கார் நின்ற இடத்திலேயே நின்றது. பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பாவின் வலது கால் அவர் பக்கத்துத் தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"டெஸ்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டார்.

"முதல்ல அந்தக் காலை எடுங்க" என்றாள் அம்மா, ரயிலைப் பார்த்தபடியே. "உங்க பக்கம் ப்ரேக் இல்ல."