அவரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்

என் அக்காவை இந்தத் தெருவில் குஷன்காரம்மா என்றால்தான் தெரியும். பழைய சோபாவைக் கொண்டுவந்து இறக்கினால் உடனே கூலி சொல்லமாட்டாள். முதலில் அதைக் கவிழ்த்துப் போடுவாள். அடித்துணியைக் கிழித்து, உள்ளே கையை விட்டு ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். "மேல்துணி எல்லாத்துக்கும் பளபளன்னுதான் இருக்கும்" என்பாள். அதே கடையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அவளிடம் யாரும் கதை விட முடியாது என்பது நன்றாகத் தெரியும். மாமா விட்டார்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் அவரோடு வேலை பார்த்தவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோனார். அன்றோடு மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. யாரோ சொல்லி, மருந்துக்கடை மாடியில் நடக்கும் தியான வகுப்புக்குப் போனார். தூக்கம் வந்தது, அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கூடவே ஒரு கிழவரும் வந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு ஏற்ப வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆட்கள் தென்படுவார்களாம். சிலருக்கு ஒரு தாய், சிலருக்கு வாசலை மறிக்கும் காவலன், சிலருக்கு அழுகிற குழந்தை. எந்த ஊர்க்காரர் உட்கார்ந்தாலும் இதே ஆட்கள்தான் வருவார்கள் என்றார் வகுப்பு நடத்துகிறவர். மாமாவுக்கு வந்தவர் வெள்ளைத் தாடிப் பெரியவர். அவரைப் பற்றிப் பேசும்போது மாமாவின் முகமே மாறிவிடும். எனக்கே ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரியவர் என்னை எல்லாத்தையும் விட்டுட்டு மலைமேல இருக்கிற தியான நிலையத்துக்கு வரச் சொல்லிட்டார். அங்கயே இருந்துடப் போறேன்."

"யாரைக் கேட்டு?" என்றாள் அக்கா.

"அவர் சொன்னா அதுக்குமேல பேச்சு இல்ல."

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. அவர்கிட்ட நானே கேட்டுக்கறேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனை, விலாசம்கூட இல்லாத ஒரு கிழவர் கூட்டிக்கொண்டு போவதா? அக்கா கத்தவில்லை. மறுநாளே சீக்கிரம் கடையைப் பூட்டிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினாள்.

"உள்ள வர்றவங்களை எதிர்த்துப் பேசக்கூடாதும்மா. பணிஞ்சு நிக்கணும்" என்று வகுப்பு நடத்துகிறவர் முதலிலேயே எச்சரித்தார்.

"அது அவங்க என்ன சொல்றாங்கங்கறதைப் பொறுத்து" என்றாள் அக்கா.

தினமும் கண்மூடி உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். அக்காவுக்கும் பல நாள் ஒன்றும் வரவில்லை. பிடித்தால் விடுகிறவளா? ஒரு சாயங்காலம், கூடம் நிறைய ஆட்கள் கண்மூடி உட்கார்ந்திருந்தபோது அவள் குரல் கணீரென்று கேட்டது. "என் புருஷனை வரச் சொன்னது நீங்கதானா? வாயைத் திறந்து சொல்லுங்க."

மேளம் நின்றது. பாதிப் பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள். வகுப்பு நடத்துகிறவர் ஓடி வந்து அவள் தோளைத் தொட்டார்.

"கையை எடுங்க. இன்னும் பதில் வரல" என்றாள், கண்ணைத் திறக்காமலே. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தால், மாமா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றாமலே போய் எதிரில் நின்றாள்.

"உங்க பெரியவரைப் பார்த்துட்டேன். நீங்க சொன்னது பொய்யில்ல. அதே தாடி, அதே கண்ணு. அவர் முன்னாடி போய் நின்னேன். தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். ஆனா எத்தனை தடவை கேட்டும் ஒரு வார்த்தை பேசல."

"என்கிட்ட சொன்னார்."

"அவர் வாய் அசைஞ்சதா? பார்த்தீங்களா?"

மாமா ஒரு சட்டையை மடித்தார். அதையே பிரித்து மறுபடி மடித்தார்.

"போகணும்னா போங்க. நான் காலைப் பிடிச்சுத் தடுக்கமாட்டேன். ஆனா 'நான் போறேன்'னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க. அவரை நடுவுல இழுக்காதீங்க."

"பெரியவர்..."

"பெரியவர் இல்ல. நீங்க."

மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால இனிமே அந்தக் குழிக்குள்ள இறங்க முடியாது. கீழ பார்த்தா அவன்தான் தெரியறான். ஒவ்வொரு தடவையும் தெரியறான். இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அக்காவுக்கு அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது.

"பயமா இருக்குன்னு சொல்ல ஒரு கிழவர் வேணுமா உங்களுக்கு? இங்க ஒருத்தி தினமும் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறேனே, நான் யாரு?" என்றவள், பெட்டியிலிருந்த துணியையெல்லாம் அள்ளி அவர் மடியிலேயே கொட்டினாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மாமா லிஃப்ட் வேலையை விட்டுவிட்டார். இப்போது எங்கள் கடையில் பழைய சோபாக்களில் ஆணி பிடுங்குகிறார். சுமாராகத்தான் பிடுங்குகிறார், திட்டும் வாங்குகிறார். வகுப்புக்கு இனி வரவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். "வராட்டி என்ன, அவருக்கு நம்ம கடைக்கு வழி தெரியாதா?" என்றாள் அவள். சாயங்காலம் வேலை முடிந்ததும், பிரித்துப் போட்ட சோபாக்களுக்கு நடுவே இரண்டு பேரும் கண்ணை மூடி உட்காருகிறார்கள். பெரியவர் இப்போதும் வருகிறாராம்.

கண்ணைத் திறந்ததும் அக்கா விடாமல் கேட்பாள். "இன்னிக்கு என்ன சொன்னாரு?"

"அவர் எங்க சொல்றாரு? நான்தான் சொல்றேன், பசிக்குது" என்பார் மாமா.